கடைசி வரிசையில் மெழுகு ஈரம்

எங்கள் மாகாணச் சட்டசபைக் கட்டடத்தைப் பற்றி இதுவரை இரண்டு புத்தகங்கள் வந்திருக்கின்றன. இரண்டையும் வாசித்துவிட்டேன். எந்தக் கல் எங்கிருந்து வந்தது, பெரிய கதவுக்கு எத்தனை கீல், அடிக்கல் நாட்டியவருக்கு அன்று என்ன வயது, எல்லாம் இருக்கிறது. முப்பத்தோரு வருஷம் அதன் தரையை முழங்காலில் நின்று மெழுகிட்டுத் தேய்த்தவளைப் பற்றி ஒரு வரி இல்லை. சரி, அந்த ஒரு வரியை நானே எழுதலாம் என்று உட்கார்ந்தேன். எனக்குக் குரல் போனதே தவிர வாய் போகவில்லை. ஒரு வரியில் நிற்கவில்லை.

அவளை எல்லோரும் மெழுகக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அமைச்சர்களும் அப்படித்தான். சம்பளப் பட்டியலில் வேறு பெயர் இருந்திருக்கும். நான் கேட்டதில்லை, அவளும் சொன்னதில்லை.

கட்டடத்தை முதலில் சொல்லிவிடுகிறேன், அது தெரியாவிட்டால் மற்றது விளங்காது. அதை வரைந்தவர் அதற்கு முன்பு ரயில் நிலையங்கள் மட்டுமே கட்டியிருந்தாராம். பார்த்தாலே தெரியும். வாசலுக்கு மேலே ஆள் உயரக் கடிகாரம். உள்ளே இரண்டு பக்கமும் நீண்ட நடை, நடை நெடுகப் பெஞ்சு. மனு கொடுக்க வருகிறவர்கள் பையைக் காலுக்கிடையில் வைத்துக்கொண்டு, ஏதோ வண்டி வரப்போகிறது என்ற நம்பிக்கையில் உட்கார்ந்திருப்பார்கள். அநேகம் பேருக்கு வண்டி வந்ததில்லை.

நடுவில் சபை மண்டபம். வட்டமான கூடம், எட்டுத் தூண், மேலே குவிமாடம். வரைபடத்தில் அந்தக் குவிமாடம் இரண்டு ஆள் உயரம் கூடுதல். கட்டுமானம் பாதியில் இருக்கும்போது கல் வெட்டிய குவாரி தண்ணீர் ஊறி மூடிப்போயிற்று. பதினோரு வருஷமாகக் கட்டிக் களைத்தவர்களுக்கு வேறு கல் தேடிப் போகப் பொறுமை இல்லை. மாடத்தைத் தாழ இறக்கி மூடிவிட்டார்கள். எட்டில் இரண்டு தூணுக்குக் கல் போதவில்லை. மரத்தில் செய்து, கல்லைப் போலவே வர்ணம் தீட்டி, கடைசி வரிசைக்குப் பின்னால் ஓரமாக நிறுத்தினார்கள். கையை வைத்துப் பார்த்தால்தான் வித்தியாசம் தெரியும். கல் தூண் சில்லென்று இருக்கும், இவை இரண்டும் இருக்காது. நாற்காலியும் எண்பது செய்துவிட்டார்கள். உறுப்பினர்கள் எழுபத்தோரு பேர்தான். மிச்சம் ஒன்பதும் பின்னால் சும்மா கிடந்தன.

மாடம் தாழ்ந்ததில் குரல் கெட்டது. பேசுகிறவர் வாயிலிருந்து கிளம்பும் சத்தம் மேலே போய், வளைவைத் தடவிக்கொண்டே சென்று, தனக்கு இஷ்டமான இடத்தில் இறங்கும். பேசியவருக்கு எதிரே இருப்பவருக்குக் கேட்காது, சம்பந்தமில்லாத யாரோ ஒருவர் காதில் போய் விழும். முன் வரிசைகளுக்கு மைக் இருந்ததால் அமைச்சர்களுக்குக் கவலை இல்லை. பின் வரிசைக்காரர்கள் தொண்டை கிழியக் கத்துவார்கள். பின் வரிசைக்கும் மைக் வாங்குவதற்கான கோப்பு ஒன்று, நான் சபையில் இருந்த காலம் முழுவதும் மாடிக்கும் கீழுக்கும் நடையாய் நடந்துகொண்டிருந்தது.

இந்த மண்டபத்துக்கென்றே ஒரு வழக்கம் இருந்தது. எந்தக் காலத்திலோ ஓர் உறுப்பினர் வாய்க்குள்ளேயே முணுமுணுத்துவிட்டு, மறுநாள் நான் சொன்னது வேறு என்று சாதித்தாராம். அன்றிலிருந்து, சபாநாயகர் காதில் விழுந்தது மட்டும்தான் குறிப்பில் ஏறும். காதில் விழாவிட்டால் அவர் "கேட்கவில்லை" என்பார். மூன்று முறை அப்படிச் சொல்லிவிட்டால் பேசுகிறவர் உட்கார்ந்துவிட வேண்டும். அப்பீல் கிடையாது.

இனி நான். ஆற்றங்கரை ஊர் ஒன்றில் தபால் நிலையத்தில் வேலை பார்த்தேன். கழுத்தில் கட்டி வந்து அறுவை செய்தார்கள். கட்டி போயிற்று, கூடவே குரலும் போயிற்று. கிழிந்த காகிதத்தைத் தேய்ப்பது மாதிரி ஒரு சத்தம்தான் மிஞ்சியது. அதற்கு அடுத்த வருஷம் தேர்தலில் சுயேச்சையாக நின்றேன். பெரிய கட்சிக்காரர்கள் இருவரும் ஒருவரையொருவர் கிழித்துக்கொண்டதில் நடுவில் நின்ற நான் ஜெயித்துவிட்டேன். பேச முடியாதவளைப் பேசுவதற்கென்று அனுப்பிய ஊர் எங்கள் ஊர். என் வீட்டுக்காரர் தையல்காரர். "நாப்பத்தி மூணு வயசுல உனக்குக் கோட்டுத் தைக்க வேண்டியதாப் போச்சு" என்று அளவெடுத்தார்.

நான் நின்றதே ஒரு பாலத்துக்காக. பள்ளிக்கூடம் அக்கரையில், வீடுகள் இக்கரையில். பிள்ளைகள் படகில் போய் வந்தார்கள். தேர்தலுக்கு முந்திய மழைக்காலத்தில் படகு கவிழ்ந்தது. பதினாலு பிள்ளைகளையும் இழுத்துப் போட்டுவிட்டார்கள், யாருக்கும் உயிர் போகவில்லை. அதில் ஒருத்தி என் மகள். அவளைக் கரையில் குப்புறப் போட்டுத் தண்ணீர் எடுத்ததை நான் பார்த்தேன். அதன் பிறகு அவள் படகில் ஏறவே மாட்டேன் என்றுவிட்டாள். பள்ளிக்கூடத்துக்கும் போகவில்லை. பதினோரு வயதுப் பிள்ளை வீட்டு வாசலில் உட்கார்ந்து, மற்றப் பிள்ளைகள் துறைக்குப் போவதைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

பாலம் பொதுப்பணிப் பட்டியலில் ஏற்கெனவே இருந்தது. நான் சபைக்கு வந்த இரண்டாம் வருஷம் அதைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட முடிவு செய்தார்கள். எடுத்துவிட்டால் ஐந்து வருஷத்துக்குப் பேச்சில்லை. எடுக்கும் தீர்மானம் வரும் நாளில் ஓர் உறுப்பினர் எழுந்து வாயால் ஆட்சேபிக்க வேண்டும், அது குறிப்பில் ஏற வேண்டும், அமைச்சர் அன்றே அதற்குப் பதில் சொல்லாவிட்டால் பணி பட்டியலிலேயே நிற்கும். எழுதிக் கொடுத்தால் செல்லாது. எங்களுக்காகப் பேசுங்களேன் என்று நாலு பேரிடம் கேட்டேன். அவரவர் ஊர்ப் பணி அதே பட்டியலில் தொங்கிக்கொண்டிருந்தது. யார் வாயைத் திறப்பார்கள்?

அந்த வருஷம் அதற்கு முன்பே இரண்டு முறை எழுந்து, இரண்டு முறையும் மூன்று "கேட்கவில்லை" வாங்கி உட்கார்ந்திருந்தேன். இரண்டாவது முறை ஒரு வெள்ளிக்கிழமை. முன் வரிசையில் சிரித்தார்கள். மறுநாள் விடுமுறை. மூக்குக் கண்ணாடியை மறந்துவிட்டேன் என்று காவலரிடம் சொல்லி உள்ளே போய், யாருமில்லாத மண்டபத்தில் என் நாற்காலியில் உட்கார்ந்தேன். இடது பக்கம் கடைசி வரிசை, ஐந்து நாற்காலி. நடைபாதையை ஒட்டிய முதல் நாற்காலி என்னுடையது. மற்ற நான்கும் யாருக்கும் இல்லாதவை. ஐந்தாவதற்குப் பக்கத்தில் மரத்தூண்.

அழுதேன் என்றுதான் சொல்ல வேண்டும். அப்போது காலுக்குக் கீழேயிருந்து ஒரு குரல்.

"காலத் தூக்குங்க."

பதறிப்போய்த் தூக்கினேன். வரிசைகளுக்கு நடுவில் ஒருத்தி முழங்காலில் நின்றாள். என் வயதுதான் இருக்கும். கையில் துணிச்சுருள், பக்கத்தில் மெழுகு டின், டர்பன்டைன் வாடை.

"அழுறதுன்னா அழுங்க மெம்பரம்மா. கால மட்டும் மேல வச்சுக்கிட்டு அழுங்க. இந்தப் பலக இன்னும் முடியல."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் சிரிக்கவில்லை. பலகையை முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தாள்.

"நேத்து நான் மேல காலரியில தூசி தட்டிக்கிட்டு இருந்தேன். எனக்கு நல்லாக் கேட்டுச்சு. பாலத்தப் பத்திப் பேசினீங்க. அதுக்கு முந்தின தடவ ஏதோ தபால் பெட்டி."

"காலரிக்குக் கேட்டு என்ன செய்ய? சபாநாயகருக்குக் கேக்கலையே."

"உங்க குரல்ல ஒரு குறையும் இல்ல. நிக்கிற இடம்தான் சரியில்ல" என்றாள். பிறகு துணிச்சுருளால் மரத்தூணைக் காட்டினாள். "அங்க நிக்கணும்."

அப்போதுதான் அந்தக் கதையைச் சொன்னாள். அவள் சொன்னபடியே எழுதுகிறேன்.

"மூணு வருஷம் இருக்கும். இந்த மாதிரி லீவு நாளு. அந்தத் தூணுக்குப் பக்கத்து நாற்காலிக்கு அடியில படுத்துக்கிட்டு, எவனோ ஒட்டிட்டுப் போன சூயிங்கத்தச் சுரண்டிக்கிட்டு இருந்தேன். சுரண்டும்போது எனக்குப் பேசணும். தனியாத்தானே இருக்கோம்னு சபாநாயகரத் திட்ட ஆரம்பிச்சேன். மனுஷன் பூட்ஸுக்கு அடியில இரும்பு அடிச்சிருந்தாரு. மேடையில ஏறி எறங்குறப்பல்லாம் என் பலகையில கீறல். சபைக்கே தலைவராம், நடக்கிறது குதிர மாதிரி, இவருக்கு எதுக்கு நாற்காலி, பின்னால ஒரு லாயம் கட்டிக் குடுக்கலாம்னு நல்லா நிறுத்தி நிதானமாத் திட்டினேன்."

"ஐயையோ."

"மண்டபத்துக்கு அந்தப் பக்கத்துல இருந்து 'கேட்கிறது'ன்னு ஒரு சத்தம். டக்னு எழுந்தேன், நாற்காலிக் கட்ட மண்டையில இடிச்சுது. பாத்தா அவரு மேடையில, அவரு நாற்காலியில, என்னவோ காயிதம் படிச்சுக்கிட்டு உக்காந்திருக்காரு. அறுபது அடி தூரம். நான் பேசினது முணுமுணுப்பு."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, வேல போச்சுன்னு வீட்டுல போயிச் சொல்லிட்டேன். எங்க வீட்டுக்காரரு பஸ் ஓட்டுறவரு. 'நல்லதாப் போச்சு, இனிமே நம்ம வீட்டத் தேய்'னாரு. எங்க வீட்டுல சிமெண்டுத் தர, அதுலயும் பாதி வெடிப்பு. சபைய மினுக்குறவ வீட்டுல சாக்கு விரிச்சிருக்குன்னு தெருவே சிரிக்கும். மறுநாளு பயந்துக்கிட்டே வந்தேன். சபாநாயகர் வந்தாரு. நடந்தாரு. சத்தமே இல்ல. ரப்பர் அடி போட்ட புது பூட்ஸு. என்னப் பாக்கவும் இல்ல, ஒரு வார்த்த கேக்கவும் இல்ல."

அதற்குப் பிறகு அவள் சும்மா இருக்கவில்லை. தேய்க்கும்போது ஒவ்வோர் இடத்திலும் ஏதாவது பேசிப் பார்த்தாளாம். கூட வேலை செய்யும் பெண்ணை மேடைக்குக் கீழே நிறுத்தி, எங்கே பேசினால் எங்கே கேட்கிறது என்று பார்த்திருக்கிறாள். கட்டடத்தை வரைந்தவருக்கும் தெரியாது, பராமரிக்கும் பொறியாளருக்கும் தெரியாது. மைக் கோப்புக்காக வந்து அளந்து பார்த்த நிபுணர்கள் கருவியோடு ஒரு வாரம் உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தரும் கீழே குனிந்து அவளைக் கேட்கவில்லை.

அன்றைக்கே பார்த்துவிட்டோம். நான் மரத்தூணுக்குப் பக்கத்தில் போய் நின்றேன். அவள் மண்டபத்தைக் கடந்து மேடைக்குக் கீழே, குறிப்பெடுப்பவர்கள் உட்காரும் மேசைக்கருகில் நின்றாள். சபாநாயகர் நாற்காலியை அத்தனை வருஷம் துடைத்தவள் ஒருநாளும் அதில் உட்கார்ந்து பார்த்ததில்லை. நான் தொண்டையை வருத்தாமல், என் பெண்ணிடம் பேசுவது போல, "என் மகளுக்குப் பதினொரு வயசு" என்றேன்.

"பதினொண்ணா? எந்தக் கிளாஸு?" என்று அந்தப் பக்கத்திலிருந்து கேட்டாள்.

அறுவைக்குப் பிறகு இரண்டு வருஷமாக, ஓர் அறையைத் தாண்டி யாரும் எனக்குப் பதில் சொன்னதில்லை. சமையலறையில் இருந்து கூப்பிட்டால் என் வீட்டுக்காரருக்கே கேட்காது, கரண்டியால் தட்டுவேன். அங்கேயே நின்று படகைப் பற்றியும் பிள்ளையைப் பற்றியும் முழுக்கச் சொன்னேன். அவள் குறுக்கே குறுக்கே கேள்வி கேட்டாள். சபையில் நான் பேசிய முதல் பேச்சு அதுதான் என்று இன்றைக்கும் நினைப்பேன்.

ஆனால் இடம் தெரிந்தால் போதாது. உறுப்பினர் அவரவர் நாற்காலியில் நின்றுதான் பேச வேண்டும். அந்த ஐந்தாவது நாற்காலியை எனக்குக் கொடுங்கள் என்று சபைச் செயலாளரிடம் போனேன். காரணம் கேட்டார். சொன்னேன். கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். "நாற்காலி மாத்துறதெல்லாம் புதுக் கூட்டத்தொடர் ஆரம்பத்துல மட்டும்தான் மேடம்" என்றார். புதுக் கூட்டத்தொடருக்கு ஆறு மாதம் இருந்தது. பாலத்தைப் பட்டியலிலிருந்து எடுப்பது புதன்கிழமை.

படிக்கட்டுக்குக் கீழே மெழுகக்காவின் சாமான் அறை. சாய்வான கூரை, நிமிர்ந்து நிற்க முடியாது. சுவரில் சபை நாட்காட்டி தொங்கும். சபை கூடும் நாட்களைச் சிவப்பால் வட்டமிட்டு வைத்திருப்பாள். கூடும் நாளில் மண்டபத்தில் மெழுகு டின்னைத் திறக்கவே கூடாது. மெழுகு காய ஒரு முழு நாள் வேண்டும். பழைய அமைச்சர் ஒருவர் ஈர மெழுகில் வழுக்கி, வெள்ளைச் சட்டையோடு தரையில் உட்கார்ந்து எழுந்த நாளிலிருந்து அது எழுதிவைத்த விதி. அவளுக்கு அது விதியைவிடப் பெரிசு. "வந்த நாள்ல இருந்து ஒரு தேதி தப்பினதில்ல" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லுவாள். மற்ற எதற்கும் பெருமைப்பட்டு நான் கேட்டதில்லை.

செயலாளர் சொன்னதைச் சொன்னேன். நாட்காட்டியைப் பார்த்தாள், ரொம்ப நேரம் பார்த்தாள்.

"நாற்காலி உக்கார முடியாம இருந்தா என்ன செய்வாங்க?"

"பக்கத்துல காலியா இருக்கிறதுல உக்காரச் சொல்லுவாங்க. விதியிலேயே இருக்கு."

"ம்" என்றாள். டின் மூடியை அழுத்தி மூடினாள். "புதன்கிழம மணி அடிச்ச பெறகு உள்ள வாங்க. முன்கூட்டியே வந்து நிக்காதீங்க."

புதன்கிழமை மணி அடித்ததும் போனேன். கடைசி வரிசைக்குக் குறுக்கே கயிறு கட்டியிருந்தது. கயிற்றில் அட்டை: மெழுகு ஈரம், மிதிக்காதீர். என் நாற்காலியிலிருந்து நான்காவது வரைக்கும் தரை கண்ணாடி மாதிரி பளபளத்தது. ஐந்தாவதற்குக் கீழே ஒரு துளி இல்லை. கட்டடக் கண்காணிப்பாளர் கயிற்றுக்குப் பக்கத்தில் முகம் சிவந்து நின்றார். அவருக்கு எதிரே மெழுகக்கா கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"தேதி தப்பிப் போச்சு சார்" என்று அவள் சொன்னது என் காதில் விழுந்தது. குரலில் நடுக்கமே இல்லை.

எனக்கு அந்த நிமிஷம் விளங்கிவிட்டது. விளங்கியும் வாயைத் திறக்கவில்லை. கயிற்றைச் சுற்றிப் பின் வழியாக நடந்து, ஐந்தாவது நாற்காலியில் போய் உட்கார்ந்தேன். சபாநாயகர் வந்து அமர்ந்தார். கயிற்றைப் பார்த்தார், அட்டையைப் பார்த்தார், தூணோரம் என்னைப் பார்த்தார்.

பாலத்தின் பெயர் வந்தது. எழுந்து மரத்தூணில் ஒரு கையை ஊன்றினேன். பேச ஆரம்பித்ததும் முன் வரிசையில் ஒருவர் "கேக்கல, கேக்கல" என்று கத்தினார். இன்னும் நாலு பேர் சேர்ந்துகொண்டார்கள். சபாநாயகர் கையைத் தூக்கினார்.

"எனக்குக் கேட்கிறது."

மண்டபம் அடங்கியது. நான் பேசினேன். அதைப் பார்த்தவர்களுக்கு வேடிக்கையாகத்தான் இருந்திருக்கும். கடைசி வரிசையில் ஒருத்தி வாயை அசைக்கிறாள், அறுபது அடிக்கு அந்தப் பக்கம் சபாநாயகர் தலையாட்டுகிறார், அவருக்குக் கீழே குறிப்பெடுப்பவர்கள் மும்முரமாக எழுதுகிறார்கள், நடுவிலிருக்கும் அறுபது எழுபது பேருக்கும் ஒரு எழுத்தும் தெரியவில்லை. படகு கவிழ்ந்ததைச் சொன்னேன். பதினாலு பிள்ளைகளையும் அவர்கள் வயதோடு சொன்னேன். என் மகள் வாசலில் உட்கார்ந்திருப்பதைச் சொன்னேன். ஐந்து நிமிஷம் முடிந்ததும் உட்கார்ந்தேன்.

"அமைச்சர் பதில் சொல்லலாம்" என்றார் சபாநாயகர்.

பொதுப்பணி அமைச்சர் எழுந்தார். பக்கத்திலிருந்தவரைப் பார்த்தார், அவர் உதட்டைப் பிதுக்கினார். பின்னால் திரும்பினார், அங்கேயும் அதே. எதற்குப் பதில் சொல்வது? மனுஷர் மைக்கைச் சரிசெய்தார், தண்ணீர் குடித்தார், பிறகு "உறுப்பினர் சொன்னதைக் குறிப்பில் பார்த்துவிட்டு நாளை விளக்குகிறேன்" என்றார். அன்றே பதில் வரவில்லை. பாலம் பட்டியலில் நின்றுவிட்டது.

சபை கலைந்து நடையில் போகும்போது சபாநாயகர் சத்தமில்லாமல் பின்னால் வந்தார். ரப்பர் அடி அல்லவா. "அந்த மூலையிலருந்து எனக்கு ஏற்கெனவே ஒரு தடவ ரொம்பத் தெளிவாக் கேட்டிருக்கு" என்றார். அவ்வளவுதான், முன்னால் போய்விட்டார்.

ஓடிப்போய் மெழுகக்காவின் கையைப் பிடித்துக்கொண்டேன். "கண்காணிப்பாளர் என்ன சொன்னாரு?" என்றேன்.

"சும்மா திட்டினாரு. திட்டு வாங்காமயா மனுஷன் வேல பாக்கிறது?" என்றாள். நானும் நம்பிவிட்டேன். நம்புவது எனக்கு வசதியாக இருந்தது.

வீட்டுக்குப் போனதும் என் வீட்டுக்காரரிடம் சொல்லி, கோட்டுத் துணி மிச்சத்தில் பஞ்சு வைத்து முழங்காலுக்கு இரண்டு மெத்தை தைத்து வாங்கினேன். ஒரு அமைச்சர் கோட்டுக்கு வந்த துணி அது. "மந்திரிய முழங்கால்ல போட்டுக்கச் சொல்லு" என்றார். மறுவாரம் கொண்டுபோனேன். மண்டபத்தில் வேறொருத்தி தேய்த்துக்கொண்டிருந்தாள், ஓரமெல்லாம் விட்டுவிட்டு. மெழுகக்கா வேறு பிரிவுக்குப் போய்விட்டாள் என்றார்கள். காவலரிடம் பொட்டலத்தைக் கொடுத்துவிட்டு வந்தேன். பதில் ஒன்றும் வரவில்லை. எனக்கு உள்ளுக்குள் கோபம்கூட வந்தது, ஒரு வார்த்தை சொல்லி அனுப்பக்கூடாதா என்று. என் புத்தி அப்படி.

சில மாதங்களிலேயே, அடுத்த தேர்தல் முன்கூட்டியே வந்தது. அப்போது பாலத்துக்கு ஒரு தூண்கூட எழும்பவில்லை. எங்கள் ஊர் என்னைத் தோற்கடித்துத் தபால் நிலையத்துக்கே அனுப்பிவைத்தது. வருத்தமில்லை. பாலம் திறக்க மேலும் நான்கு வருஷம் ஆயிற்று. திறப்பு விழா மேடையில் என்னை யாரும் தேடவில்லை. கூட்டம் கலைந்த பிறகு நானும் மகளும் நடந்தே அக்கரைக்குப் போனோம். நடுவில் வரும்போது என் கையை இறுக்கிப் பிடித்தாள். அக்கரை இறங்கியதும் விட்டுவிட்டாள். இடையில் இரண்டு வருஷம் வீட்டிலிருந்தே படித்து, பிறகு டவுனில் என் தங்கை வீட்டில் தங்கிப் படித்தவள். அன்றிலிருந்து வீட்டிலிருந்தே போய்ப் படித்தாள். இன்றைக்கு அதே பள்ளிக்கூடத்தில் அவள்தான் கணக்கு டீச்சர்.

போன மாதம் எங்கள் தபால் நிலையத்துக்கு என் பெயருக்கே ஒரு கடிதம் வந்தது. முத்திரை குத்தியதே நான்தான். அம்மா ஓய்வு பெறுகிறாள், உங்களை வரச் சொன்னாள் என்று மெழுகக்காவின் பெரிய மகன் எழுதியிருந்தான்.

போனேன். சபைக் கட்டடத்தின் தேநீர் அறையில் முப்பது பேர் இருப்பார்கள். மெழுகக்கா முன்னால் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். அவள் நாற்காலியில் உட்கார்ந்து அன்றுதான் பார்த்தேன். தலை நரைத்திருந்தது. பக்கத்தில் அவள் வீட்டுக்காரர், பேரப்பிள்ளை மடியில்.

"முழங்கால் மெத்த கெடச்சுதா?" என்று கேட்டேன்.

"ரெண்டும் தேஞ்சு நூலாகிற வரைக்கும் போட்டேன். கீழ சிமெண்டுத் தர, அது இல்லன்னா கால் போயிருக்கும்."

"கீழயா? எந்தக் கீழ?"

அவள் பதில் சொல்வதற்குள் கண்காணிப்பாளர் எழுந்துவிட்டார். இவர் புதியவர், நல்ல பிள்ளை. பணிப் பதிவேட்டை விரித்து, வழக்கப்படி சேர்ந்த நாளிலிருந்து வாசித்தார். வாசிக்க அதில் பெரிதாக ஒன்றுமில்லை. சேர்ந்த தேதி, விடுப்புகள், இரண்டு பிரசவம். பிறகு சற்றுத் தயங்கினார். ஒரே ஒரு சிவப்பு மைப் பதிவு என்றார். சபை கூடும் நாளில் மண்டபத்தின் கடைசி வரிசையில் மெழுகிட்ட குற்றத்துக்காக அடித்தளக் கோப்பறைக்குப் பதினொரு மாதம் மாற்றம். தேதியையும் வாசித்தார். வாசித்துவிட்டு, "முப்பத்தோரு வருஷத்துல ஒரே ஒரு தடவை, அதுவும் மறதி" என்று சமாதானம் சொன்னார். எல்லோரும் கை தட்டினார்கள்.

எனக்கு அந்தத் தேதி தெரியும். எப்படி மறக்கும்?

ஜன்னல் இல்லாத கிடங்கில், பழங்கோப்புத் தூசியில், இவள் பதினொரு மாதம் சிமெண்டுத் தரையைத் தேய்த்திருக்கிறாள். தேதி தப்பாதவள் என்ற ஒரே பெருமையை எனக்காகக் கொடுத்துவிட்டு, மூச்சு விடாமல் இருந்திருக்கிறாள். நான் மேலே நின்று, பதில் வரவில்லை என்று கோபப்பட்டிருக்கிறேன். வெட்கமாக இருந்தது. எழுந்துவிட்டேன்.

"சார், அந்தப் பதிவ அடிச்சிடுங்க. அது மறதி இல்ல. எனக்காகச் செஞ்சாங்க. நான் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தர்றேன்."

கண்காணிப்பாளர் காதுக்குப் பின்னால் கையை வைத்துக்கொண்டார். "கேக்கலம்மா. கொஞ்சம் சத்தமா."

"எனக்குக் கேட்டுச்சு" என்றாள் மெழுகக்கா.

நாற்காலிக் கையைப் பிடித்து மெதுவாக எழுந்தாள். முழங்கால் நிமிர நேரம் பிடித்தது.

"அடிக்க வேணாம் சார். முப்பத்தோரு வருஷம் தேச்சேன். தேச்சத எல்லாம் மறுநாளே மிதிச்சுட்டுப் போயிட்டாங்க. தர இருக்கிறதே அதுக்குத்தான், குத்தம் சொல்லல. ஆனா இன்ன தேதியில, இன்ன எடத்துல, இவ இத செஞ்சான்னு இந்தக் கட்டடத்துல எழுதி வச்சிருக்கிறது இது ஒண்ணுதான். நான் செஞ்சதுலயே நல்ல வேலையும் அதுதான். அதப் போயி அடிக்கச் சொல்றாங்களே இந்த மெம்பரம்மா."

யாரும் கை தட்டவில்லை. அவள் வீட்டுக்காரர் மட்டும் பேரனின் தலையைத் தடவிக்கொண்டே, "பாலத்துல ஒரு நாள் பஸ் ஓட்டிட்டு வந்தேன்மா. நல்லா இருக்கு" என்றார். அவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது.

அவள் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி என்றேன். பன்னிரண்டு வருஷம் தாமதமாகச் சொன்னேன். பக்கத்தில் நின்றுதான் சொன்னேன், தூண் எதுவும் தேவைப்படவில்லை.

பதிவேட்டின் அந்தப் பக்கத்துக்கு ஒரு நகல் கேட்டேன். மூன்று கையெழுத்து வாங்கி ஒரு வாரத்தில் தபாலில் அனுப்பினார்கள். அன்றைய சபைக் குறிப்பில் என் பேச்சு இருக்கும் பக்கத்தோடு அதையும் ஒரே உறையில் போட்டு, என் மகளிடம் கொடுத்தேன். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் தேதியைப் பார்த்தாள். பிறகு சிவப்பு மைப் பக்கத்தை மேலே வைத்து மடித்து, பள்ளிக்கூடப் பைக்குள் எடுத்துவைத்துக்கொண்டாள்.